கார்த்திகேசு ஆஃப் போட்ட கதை

போர்ட் கிள்ளானில் நாற்பதடி கண்டெய்னரை ரிவர்ஸ் எடுத்து, இரண்டு லோரிகளுக்கு நடுவே ஒரு சாண் இடம் விட்டு நிறுத்தத் தெரிந்த டிரைவர்கள் எங்கள் கம்பெனியில் மூன்று பேர். அதில் கார்த்திகேசு ஒருவர்தான் வாயில் வெற்றிலையோடு, யாரிடமாவது பேசிக்கொண்டே அதைச் செய்வார். வயது ஐம்பத்தேழு. துறைமுக ஓட்டம் முப்பத்தோரு வருஷம். ஒரு கேட்டை இடித்ததில்லை. ஒரு பெட்டி சீல் உடைந்து வந்ததில்லை. அப்படிப்பட்ட ஆளைப் போன பிப்ரவரியில் துறைமுகத்துக்குள் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம் இங்லீஷில் இரண்டு சொல். புட், ஆஃப். இரண்டுமே அவருக்குத் தெரிந்த சொல். தெரியாமல் இருந்திருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பார்.

நான் அதே கம்பெனியில் யார்டு மண்டோர். லோரிகளை வரிசைப்படுத்துவது, டயர் பார்ப்பது, ஆட்களை வேலை வாங்குவது என் பொறுப்பு. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

முன்பெல்லாம் கண்ட்ரோல் ரூமிலிருந்து புனிதா போன் பண்ணும். "அண்ணே, ரவாங் சாமான திங்கக்கெழமைக்குத் தள்ளிட்டாங்க. யார்டுல விட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்னும். இவர் "சரிம்மா" என்பார். பத்து வினாடியில் வேலை முடிந்தது. போன வருஷம் கம்பெனி கை மாறியது. புது முதலாளிகளின் தலைமை ஆபீஸ் சுபாங் ஜெயாவில். அவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். இனிமேல் எல்லாம் எழுத்தில், எல்லாம் இங்லீஷில். டிரைவரும் கண்ட்ரோல் ரூமும் போனில் பேசக்கூடாது. பேசினால் ஆதாரம் இருக்காதாம். டிரைவர்களுக்கு ஆளுக்கொரு போன் கொடுத்து, இதில் வருவதை வாசி, அதன்படி செய் என்றார்கள்.

ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு கார்த்திகேசுவின் போனில் செய்தி வந்தது. "ரவாங் ரீஃபர் புட் ஆஃப் டில் மண்டே எய்ட் ஏ.எம்." ரீஃபர் என்பது குளிர்மோட்டார் வைத்த கண்டெய்னர். அதற்குள் இருந்தது பதினெட்டு டன் உறைந்த இறால்.

அவர் நிதானமாகத்தான் வாசித்திருக்கிறார். ரவாங் போகிற ரீஃபர், சரி. புட் என்றால் போடு. தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது. ஆஃப் என்றால் ஆஃப். அதாவது ரீஃபரை ஆஃப் போடு, திங்கட்கிழமை எட்டு மணி வரைக்கும். வீட்டில் ஃபேனை ஆஃப் போடு, தண்ணீர் மோட்டாரை ஆஃப் போடு என்று நாம் சொல்வதுதானே. பெட்டியை யார்டில் நிறுத்திவிட்டு, பின்னால் போய் மோட்டாரை ஆஃப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை யார்டு பூட்டு. நான் லீவு. திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்து, சரியாக எட்டு மணிக்கு ஆன் போட்டார். அந்த எட்டு மணிதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அலட்சியமாக இருக்கிறவன் எட்டு மணிக்கு வந்து நிற்பானா?

கதவைத் திறந்தபோது யார்டு முழுக்க நாற்றம். அந்த வாரம் எங்கள் கேண்டீனில் யாரும் இறால் சாப்பிடவில்லை.

விசாரணை மேலே ஆபீஸ் அறையில். நடத்தியவர் யுகேந்திரன், ஆப்பரேஷன் மேனேஜர். முப்பத்தைந்து வயது, படித்த பிள்ளை, கெட்டவரில்லை. என்னையும் உட்கார வைத்தார்கள்.

"அங்கிள், புட் ஆஃப்னா போஸ்ட்போன்" என்றார் யுகேந்திரன்.

"போஸ்ட்போன் எனக்குத் தெரியும் தம்பி. மழை வந்தா ஸ்போர்ட்ஸ் டே போஸ்ட்போன் பண்ணுவாங்க. அப்ப போஸ்ட்போன்னே போட்டிருக்கலாமே."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா ஏன் ரெண்டு வெச்சிருக்காங்க?"

யுகேந்திரன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே யார்டைப் பார்த்தேன்.

முடிவு இதுதான். துறைமுக ஓட்டம் நிறுத்தம். கம்பெனி வைக்கிற இங்லீஷ் சோதனையில் தேற வேண்டும். முப்பது கேள்வி, இருபத்துநாலு சரியாக வர வேண்டும், இரண்டு தடவைதான் எழுதலாம். தேறினால் பழைய லோரி, பழைய ஓட்டம். இல்லாவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை யார்டுக்குள்ளேயே பெட்டி நகர்த்தும் குட்டி வண்டி. அந்த வண்டி கேட்டைத் தாண்டாது. முப்பத்தோரு வருஷம் கப்பலடியில் போய் நின்றவருக்கு அது என்ன என்று டிரைவர் வேலை செய்தவனுக்குத்தான் தெரியும்.

முதலில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டருக்கு அனுப்பினார்கள். நாலு சனிக்கிழமை, கிள்ளானிலிருந்து ரயில் ஏறிப் போனார். சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள் காலேஜ் பிள்ளைகள். டீச்சர் ஒரு பட்டியல் கொடுத்தார். புட் ஆஃப் மாதிரியான இருநூறு ஃப்ரேசல் வெர்ப், ஏ-யிலிருந்து வரிசையாக, பக்கத்திலேயே அர்த்தம். இவர் கெட் வரைக்கும் மனப்பாடம் செய்தார். கெட் அப், கெட் பை, கெட் ஓவர், கெட் அவே, கெட் அலாங். அங்கே வண்டி நின்றுவிட்டது. முதல் சோதனையில் முப்பதுக்குப் பதினொன்று.

அதற்கப்புறம் யுகேந்திரன் என்னைக் கூப்பிட்டார். "மண்டோர் அங்கிள், நீங்க நல்லா இங்லீஷ் பேசுறீங்க. நீங்க சொன்னா அவருக்குப் புரியும்லா. ஆறு வாரம் டைம் வாங்கித் தரேன்."

நான் படித்தது படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை. என் இங்லீஷ் கப்பலில் சாமான் எண்ணும் வேலை பார்த்தபோது, சரக்கைச் சோதிக்கும் ஒரு நியூசிலாந்து சர்வேயருக்குப் பின்னால் எட்டு வருஷம் நடந்து காதால் பிடித்தது. பேச வரும். ஏன் அப்படி என்று கேட்டால் வராது. கார்த்திகேசுவோ ஏன் என்று மட்டும்தான் கேட்பார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வொர்க்ஷாப் பின்னால், பழைய டயர்கள் மேல் உட்கார்ந்து பாடம். அவருக்குத் தெரிந்த சொல்லிலிருந்தே தொடங்கலாம் என்று லோரி சங்கதியாகப் பொறுக்கிக்கொண்டு போனேன்.

"புல் ஓவர். போலீஸ்காரன் சொல்றான்னு வை. என்ன பண்ணுவே?"

"ஓவரா இழுக்காதேன்னு சொல்றான். லோடு ஜாஸ்தி."

"இல்லய்யா. ஓரங்கட்டு."

"புல்லும் ஓவரும் சேந்தா ஓரங்கட்டா? ஓரம் எங்க இருக்கு அதுல?"

"இல்லதான். பிரேக் டவுன்?"

"இது தெரியும். பிரேக் டவுன் ஆச்சுன்னா பிரேக் ரோசாக். மத்தபடி எஞ்சின் ரோசாக்."

முப்பத்தோரு வருஷமாக அந்த மனுஷன் அப்படித்தான் நினைத்திருக்கிறார். பிரேக் பழுதானால் பிரேக் டவுன், மற்றது பழுதானால் வெறும் ரோசாக். அது பிரேக் இல்லை, இது வேறு பிரேக், எழுத்தே வேறு என்று சாக்பீஸால் டயரில் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சத்தம் ஒண்ணுதானே" என்றார்.

இன்னொரு நாள் லுக் ஆஃப்டர். "இது சுலபம். ஆஃப்டர்னா அப்புறம். லுக் ஆஃப்டர்னா அப்புறமா பாத்துக்கலாம்" என்றார்.

"சரக்க லுக் ஆஃப்டர் பண்ணுன்னு எழுதி வந்தா?"

"இப்பப் பாக்க வேணாம், அப்புறம் வந்து பாருன்னு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மேல் பாதி, அந்த மொழி மேல் பாதி. ஃபார்மை ஃபில் இன் பண்ணு என்றாலும் நிரப்பு, ஃபில் அப் பண்ணு என்றாலும் நிரப்பு. டேங்க்கை மட்டும் ஃபில் இன் பண்ணக்கூடாது. ஏன் என்றார். வெள்ளைக்காரனைப் போய்க் கேள் என்றேன். மூன்று வாரம் இப்படியே போனது. அவர் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லையும் வெட்டி எழுதியிருந்தார். இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கம் ஓவர், நடுவில் கூட்டல் குறி. இரண்டையும் கூட்டினால் விடை வர வேண்டும் என்று பிடிவாதம். ஒரு நாளும் வரவில்லை. ஒரு தடவை பென்சிலை ஒடித்து வீசினார். ஒரு தடவை நான் எழுந்து போய்விட்டேன்.

அவர் மனைவி நல்லம்மாள் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, என்னண்ணே சொல்லிக் கொடுக்குறீங்க? சாப்பாட்டுல உக்காந்துகிட்டு வாய்க்குள்ள முணுமுணுக்குறாரு. ரசம் வேணுமான்னா கெட் பைங்குறாரு."

"இன்னும் மூணு வாரந்தாம்மா."

"அந்த வண்டிய எடுத்துட்டா இவரு வீட்டுல சும்மா கெடக்க மாட்டாருண்ணே. என்னையும் ரிவர்ஸ் எடுப்பாரு. எப்படியாச்சும் பாஸ் பண்ண வெச்சிருங்க."

நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை. எங்கள் யார்டில் லோரி கழுவுகிறவர் ரஃபிக். பங்களாதேஷ்காரர், நாற்பது வயது, இங்கே வந்து கேட்டுக் கேட்டே கொஞ்சம் தமிழ் பேசுவார். பெரிய டேங்க்கில் குழாயைப் போட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார் கார்த்திகேசு. பாடத்துக்கு நேரமாகிவிட்டது. "ரஃபிக், தண்ணிய பாத்துக்க" என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். அரை மணி நேரத்தில் வொர்க்ஷாப் தரையெல்லாம் தண்ணீர். ஓடிப் போய்ப் பார்த்தால், டேங்க் நிரம்பி வழிகிறது. ரஃபிக் கைகட்டிக்கொண்டு எதிரே நின்று, கண் இமைக்காமல் தண்ணீரைப் பார்க்கிறார்.

"என்னய்யா பண்றே?" என்று கத்தினார் கார்த்திகேசு.

"பாத்தேன் அண்ணே. நல்லா பாத்தேன்."

"பாத்துக்கன்னா பாக்குறது இல்லய்யா. பாரு வேற, பாத்துக்க வேற."

"பார்னா லுக். சரி. பின்னால வர்ற 'க்க'ன்னா என்ன அண்ணே?"

"'க்க'ன்னா ஒண்ணும் இல்ல. அது சேந்தேதான் வரும். பிரிக்கக் கூடாது."

குழாயை மூடிவிட்டு அவர் திரும்பியபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தரையில் தண்ணீர் நிற்கிறது, மண்டோர் சிரிக்கிறானே என்று முறைத்தார்.

"என்ன சொன்னே இப்ப? திருப்பிச் சொல்லு."

"பாத்துக்கன்னா பாக்குறது இல்லன்னேன்."

"பாத்துக்கங்கிறதுக்கு இங்லீஷ்ல என்ன தெரியுமா? லுக் ஆஃப்டர். இவ்வளவு நாளா நீ எங்கிட்ட கேட்டத அவன் உங்கிட்ட கேக்குறான். நான் சொல்லத் தெரியாம முழிச்சத நீ சொல்லிட்டே."

அவர் டயர் மேல் உட்கார்ந்தார்.  பிறகு நோட்டைத் திறந்து, கூட்டல் குறிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார்.

அன்றையிலிருந்து முறையை மாற்றினோம். இங்லீஷ் சொல்லை வெட்டுவதில்லை. அதே மாதிரி ஒட்டிக்கொண்ட தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடிப் பக்கத்தில் எழுதுவது. புட் ஆஃப், தள்ளிப் போடு. "போடுறதும் இல்ல, தள்ளுறதும் இல்ல. நாள்தான் மாறுது" என்று அவரே சொன்னார். ஃபைண்ட் அவுட், கண்டுபிடி. கிவ் அப், கைவிடு. கிவ் இன், விட்டுக்கொடு. கிவ் அவே வந்தபோது நான் காட்டிக் கொடு என்றேன். அவர் சிரித்த சிரிப்பு கேண்டீன் வரை கேட்டது. "காட்டி, அப்புறம் கொடுத்தா அது அன்பளிப்புலா. நாம துரோகம்னு சொல்றோம். நம்ம தமிழ் மட்டும் ஒழுங்கா?"

எல்லாம் பொருந்திவிடவில்லை. கிவ் அவே என்றால் சும்மா தானம் கொடுப்பதும்தான் என்று மறுநாள் தெரிந்தது, மறுபடி சண்டை. ரத்து என்று அர்த்தம் வரும் கால் ஆஃபுக்கு ஒட்டுச் சொல்லே கிடைக்காமல் இரண்டு நாள் போனது. மேக் அப் என்ற ஒன்றுக்கு நாலு அர்த்தம். அதில் முகப்பூச்சு ஒன்றுதான் அவருக்கு ஒத்துவந்தது. ரூல் என்ன, ரூல் என்ன என்று அவர் கேட்பதும் நிற்கவில்லை. "ரஃபிக்குக்கு நீ ரூல் சொன்னியா?" என்று கேட்டுத்தான் வாயை அடைப்பேன். ஆனாலும் ஆறாவது வாரம் பழைய கேள்வித்தாளை வைத்துப் பார்த்ததில் இருபத்தாறு சரியாக வந்தது. நல்லம்மாள் எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினார்.

இரண்டாவது சோதனை கம்ப்யூட்டரில். ஒரு கேள்விக்கு நாலு விடை, ஒன்றைத் தொட வேண்டும். நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டு இறங்கி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எத்தன?" என்றேன்.

"இருபத்துமூணு."

ஒன்று குறைவு. நான் படியேறி யுகேந்திரனிடம் போனேன். தவறான விடைகளைக் காட்டச் சொன்னேன். அவரும் காட்டினார். ஆறு நிஜமாகவே தவறு. அதில் எனக்கே இரண்டு தெரியாது. ஏழாவது இது. டெலிவரி புட் ஆஃப் ஆகிவிட்டது என்று செய்தி வருகிறது, டிரைவர் என்ன செய்ய வேண்டும்? குளிர்மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று ஒரு விடை. உடனே கொண்டுபோக வேண்டும் என்று ஒன்று. புது நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்று ஒன்று. கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று ஒன்று. கார்த்திகேசு கடைசியைத் தொட்டிருந்தார்.

அவரைக் கூப்பிட்டு அனுப்பினோம்.

"அங்கிள், புட் ஆஃப்னா என்னான்னு தெரியும்தானே?"

"தெரியும் தம்பி. தள்ளிப் போட்டாச்சு."

"அப்புறம் ஏன் வெயிட் பண்ணணும்னு தொடல?"

"வெயிட் பண்ணணும்னும் தெரியும். ஆனா பதினெட்டு டன் இறால நாற வெச்சவன் நான். இனிமே எனக்குத் தெரிஞ்சாலும் ஒரு தடவ கேட்டுட்டுத்தான் செய்வேன். நீங்க என்ன செய்வீங்க?"

யுகேந்திரன் மேசையைப் பார்த்தார். "போன் பண்ணக் கூடாதுன்னு ரூல் இருக்கு அங்கிள்."

"போன் பண்ணியிருந்தா அன்னிக்கு இறால் பொழச்சிருக்கும்" என்றேன் நான். என் குரல் கொஞ்சம் கூடத்தான் போய்விட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கண்ட்ரோல் ரூமில், புனிதா தலையைக் குனிந்துகொண்டது.

யுகேந்திரன் தன்னால் மார்க்கை மாற்ற முடியாது என்றார். ஆனால் சுபாங் ஜெயாவுக்கு ஒரு மனு எழுதித் தந்தார். கேட்டுச் செய்வது தப்பில்லை, அந்த ஒரு மார்க்கைக் கொடுங்கள் என்று நல்ல மாதிரியாகவே எழுதியிருந்தார். புனிதாவும் ஒரு தாளில், போனில் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கூடவே வைத்தது. அதுக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது. அந்தக் கையெழுத்தைப் போட அது பயந்ததை நான் பார்த்தேன்.

பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள் காலை, யார்டில் நாங்கள் கயிறு சுற்றிக்கொண்டிருந்தபோது கார்த்திகேசுவின் போனில் செய்தி வந்தது. இரண்டே வரி. படித்துச் சொல்லலாம் என்று கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, தானே வாசித்தார்.

"வி ஹேவ் லுக்ட் இன்டு யுவர் அப்பீல்." நிறுத்தினார். "லுக் இன்டுன்னா உள்ள எட்டிப் பாக்குறது இல்ல. விசாரிக்கிறது. விசாரிச்சாங்களாம்."

"ம்."

"இட் ஹேஸ் பீன் டர்ன்ட் டவுன்." இந்த முறை நிறுத்தியது கொஞ்சம் அதிக நேரம். பட்டியலில் இது இருந்ததா, நாங்கள் இதைப் படித்தோமா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. படிக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். கீழே திரும்பு என்று அவர் சொல்லட்டும், நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வரைக்குமாவது தள்ளிப் போடலாம்.

"கீழ திரும்புறது இல்ல" என்றார். "மாட்டேன்னுட்டானுங்க. சரியா, தப்பா? சொல்லு மண்டோரே."

"சரி" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குட்டி வண்டியின் சாவியைக் கேட்டார். மூன்றாம் வரிசையில் நாலு பெட்டி இடம் மாற்ற வேண்டியிருந்தது. கொடுத்தேன்.